ஆள் அளவு: ஒன்று

பதினொரு நாள் வாய் திறக்காமல் இருந்த என் கணவர் கடைசியில் சொன்ன ஒரே சொல், "குவாரி."

நான் கேட்ட கேள்வி அப்படி. காலை டூட்டி முடிந்து சிவகாசி வெயிலில் வெந்து வீட்டுக்கு வந்தால், விடியற்காலையில் நான் வைத்துவிட்டுப் போன இட்லி தொடப்படாமல் கிடக்கிறது. தட்டைச் சுற்றி எறும்பு. இவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடந்த அவருடைய கியர் சைக்கிளை இழுத்து வந்து நடுவீட்டில் போட்டேன்.

"வர்ற ஞாயித்துக்கெழம நாம ரெண்டு பேரும் சைக்கிள்ல போறோம். எங்கிட்டுப் போகணும்னு மட்டும் சொல்லுங்க. சொல்லலன்னா இத எடைக்குப் போட்டுருவேன்!"

அவர் சைக்கிளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம்தான் "குவாரி" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம். அடுத்த நிமிடமே பயம். நான் பதினெட்டு வருஷமாக நர்ஸ். உயிரை வெறுத்துப்போன ஆட்களின் சொந்தக்காரர்களிடம், வீட்டில் எதையெல்லாம் எடுத்து ஒளித்து வைக்க வேண்டும் என்று பாடம் நடத்துகிறவள். என் வீட்டிலும் ஒளித்து வைத்திருந்தேன். மாத்திரைப் பெட்டியின் சாவி என் கழுத்துச் சங்கிலியில் கிடந்தது. ஆனால் குவாரியை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது?

ஆலங்குளத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டைத் தாண்டிப் போனால் கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி இருக்கிறது. யார் வெட்டினார்கள், எப்போது விட்டுவிட்டுப் போனார்கள் என்று அந்தப் பக்கத்து ஆடு மேய்ப்பவர்களுக்கே சரியாகத் தெரியாது. இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமியைப் பிளந்து போட்டிருக்கிறார்கள். மேலே சிவப்பு மண், கீழே வெள்ளைச் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். அதன் விளிம்பு ஓரமாகவே ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. வெளிநாட்டில் பாலைவனத்துப் பள்ளத்தாக்கு விளிம்பில் சைக்கிள் ஓட்டுகிற வீடியோக்களை இவர் மணிக்கணக்கில் பார்ப்பார். "அதெல்லாம் எதுக்கு, நம்ம குவாரி கெடக்கு" என்பார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தோடு இரண்டு முறை போயும் வந்திருக்கிறார். அப்போது நான் அதைப் பைத்தியக்காரத்தனம் என்றேன்.

அப்போது இவர் விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பிராங்க்ளின் சார் என்றால் அங்கே ஒரு மரியாதை உண்டு. யாரும் செருப்போடு உள்ளே நுழைய முடியாது, பாலியஸ்டர் சேலை கட்டி வந்தால் உரசிப் பொறி பறக்கும் என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஏப்ரல் மாதம் ஒரு வியாழக்கிழமை அந்தக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தது. பட்டாசுக் கம்பெனிகளில் ஒவ்வொரு ரூம் கதவுக்குப் பக்கத்திலும் பெயின்டில் எழுதியிருக்கும்: ஆள் அளவு இத்தனை, வெடிமருந்து இத்தனை கிலோ. அந்த ரூமுக்கு ஆள் அளவு நான்கு. அன்றைக்கு உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். மூன்று பேர் செத்துப்போனார்கள்.

போலீஸ் இவரையும் பிடித்துக்கொண்டு போனது. நாற்பத்தெட்டு நாள் உள்ளே இருந்துவிட்டு நிபந்தனை ஜாமீனில் வந்தார். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மட்டும் எட்டு மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு தயாராகிவிடுவார். ஒரு நிமிடம் பிந்தினால் மறுபடி உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் சுவர். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. அந்த வீட்டில் நானும் அவரும் அந்தச் சுவரும்தான்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகக் கெஞ்சினேன், வரவில்லை. எழுதி வாங்கி வந்த மாத்திரையைத் துப்பிவிட்டார். போதகர் வந்து ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லக்கூட இவர் வாய் அசையவில்லை. வார்டில் கேட்டவர்களுக்கெல்லாம் "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக இறங்காத காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

இப்படி இருக்கிற மனுஷன் "குவாரி" என்கிறார். நான் என்ன செய்வேன்?

மறுநாள் சூர்யபிரகாஷ் வந்தான். ஆப்செட் பிரஸ் வைத்திருக்கிறான், இவரோடு சைக்கிள் ஓட்டுகிறவன். எனக்கு ஒரு சைக்கிள் இரவல் வேண்டும் என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அக்கா, வெளையாடுறீகளா? அண்ணாச்சி இருக்க இருப்புல குவாரி ஓரமா? பிளவக்கல் டேமுக்குப் போங்க, திருவில்லிபுத்தூர் போங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

"டேமுன்னு சொல்லிப் பாத்துட்டேன். மறுபடி சொவத்தப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு."

"அப்ப நானும் வாரேன்."

"நீ வந்தா அவரு வர மாட்டாரு. கேட்டுட்டேன். நானும் அவரும் மட்டும்ங்காரு."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனாலும் சாயங்காலம் தன்னுடைய சிவப்பு சைக்கிளைக் கொண்டுவந்து விட்டான். சுருட்டிய ஒரு கட்டுக் காகிதமும் கொண்டுவந்தான். அச்சில் கலர் பிசகிப்போன காலண்டர் தாள்கள், பின்பக்கம் வெள்ளை. "அண்ணாச்சி, ரூட்டு போட்டுக் குடுங்க" என்று அவர் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அன்றைக்கு இவர் பென்சில் கேட்டார். ஸ்கேல் கேட்டார். இரண்டு தோசை தின்றார். நான் அடுப்படியில் நின்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

நான்கு நாள் வரைந்தார். போர்மேன் புத்தி எங்கே போகும்? பட்டாசு ரூம்களுக்கு லைசென்ஸ் பிளான் போடுகிற மாதிரியே போட்டார். பாதையைப் பதினாறு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம், விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி ஓட்ட வேண்டும் என்று குறித்தார். எங்கே தண்ணீர் குடிப்பது, ஆடிக் காற்று எந்தப் பக்கமிருந்து தள்ளும், எந்த இடத்தில் சீமைக்கருவேல முள் டயரைக் கிழிக்கும், எல்லாம் அதில் இருந்தது. நான் பார்த்தவரை ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில், கதவில் எழுதுகிற மாதிரி, ஆள் அளவு 2 என்று எழுதினார்.

நான் தெருவில் கியர் சைக்கிள் பழகினேன். சேலை தோதுப்படாமல் சுடிதார் மாட்டிக்கொண்டு, நாற்பத்திரண்டு வயதில் பூசணிக்காய் உருண்ட மாதிரி இரண்டு முறை விழுந்தேன். எதிர்வீட்டு யோகேஸ்வரி, "என்ன சிஸ்டர், ஒலிம்பிக்கா?" என்று கேட்டாள். "ஆமா, தங்கம் வாங்கியாந்து ஒனக்கே வளையல் பண்ணித் தாரேன்" என்றேன். ஜன்னல் வழியாக இவர் பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னாடி பிரேக்க மொதல்ல புடி" என்றார். ஒரு முழு வாக்கியம்! அதற்காக இன்னும் இருபது தடவை விழுந்திருப்பேன்.

சனிக்கிழமை சாயங்காலம் படம் முடிந்தது. அவர் குளிக்கப் போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன்.

பன்னிரண்டாவது துண்டு வரை இரண்டு பேருக்கும் நேரம் போட்டிருந்தார். பிராங்க்ளின் 6.20, பெர்சிஸ் 6.22. பிராங்க்ளின் 6.45, பெர்சிஸ் 6.48. பன்னிரண்டுக்குப் பக்கத்தில் 'புளியமரம், பெர்சிஸ் இங்கே நிற்க வேண்டும்' என்றிருந்தது. பதின்மூன்றாவது துண்டு அறுபது அடி நீளம், இரண்டு அடி அகலம். ஒரு பக்கம் முள்வேலி, ஒரு பக்கம் பள்ளம். பக்கத்தில் ஆள் அளவு 1 என்றிருந்தது. அதற்கப்புறம் 'பெர்சிஸ் திரும்பி ரோட்டுக்கு, 7.50' என்று ஒரு வரி இருந்தது. அவருக்குப் பதின்மூன்றிலிருந்து எந்தத் துண்டுக்கும் நேரமே போடவில்லை.

தாள் முழுக்கத் தேடினேன். பத்தரை மணிக் கையெழுத்து எங்கேயும் இல்லை. எட்டு மணிக்கே சட்டை மாட்டுகிற மனுஷன் அதை மறக்கவில்லை. அது அவருக்குத் தேவைப்படவில்லை.

தலை துவட்டிக்கொண்டு வந்தவரிடம், "நாளைக்கு ஸ்டேஷனுக்கு எத்தன மணிக்குத் திரும்பணும்?" என்று கேட்டேன்.

"பாத்துக்கலாம்" என்றார். முகத்தில் ஒரு அமைதி இருந்தது. அந்த அமைதியை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் தேறிவிட்டார் என்று நினைப்பார்கள். நர்ஸுகள் நாங்கள்தான் அந்தக் கட்டில் பக்கத்திலிருந்து நகர மாட்டோம்.

நான் போவதை நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், நானே நர்ஸ். ஆனால் நிறுத்தினால் என்ன ஆகும்? படத்தைக் கிழித்துப் போட்டால் மறுபடி சுவர். இன்றைக்கில்லாவிட்டால் இன்னொரு நாள், நான் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில், நான் இல்லாத ஏதோ ஓர் இடத்தில் நடக்கும். நடந்தால் என் கண்முன்னால் நடக்கட்டும், நான் பிடித்து இழுக்கிற தூரத்தில் நடக்கட்டும் என்று நினைத்தேன். அது யோசனை இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். கர்த்தாவே, என்னை மன்னியும் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். ஒரு பொட்டுத் தூக்கமில்லை.

விடிந்தும் விடியாமலும் சூர்யபிரகாஷ் பிரஸ்ஸிலிருந்து குட்டியானை வண்டியை எடுத்து வந்தான். இரண்டு சைக்கிளையும் பின்னால் ஏற்றி, எங்களைக் குவாரிக்குப் போகிற மண் பாதையில் இறக்கிவிட்டான். "ரோட்டுமேலயே நிக்கேன்க்கா. போனைக் கையிலயே வச்சிருங்க" என்றான். இவர் அவன் தோளில் ஒரு முறை கை வைத்தார். அவன் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு அவனை அடிக்கலாம் போல இருந்தது.

அந்தப் பாதை அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். சூரியன் ஏறும்போது எதிர்ச்சுவர் முழுவதும் இளஞ்சிவப்பாக மாறியது. அடியில் பச்சைத் தண்ணீர்மேல் புறாக்கள் வட்டம் போட்டன. ஒரு வீடு இல்லை, ஒரு ஆள் இல்லை. வெடித்த கரிசலும் முள்ளும் காற்றும்தான். இவர் முன்னால் போனார், முப்பது அடி தள்ளி நான். ஒவ்வொரு துண்டு முடிவிலும் நின்று திரும்பிப் பார்த்தார். "எடதுபக்கமா வா. கீழ பாக்காத. ரோட்டப் பாரு" என்றார். படத்தில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகவில்லை. என்னை இவ்வளவு பத்திரமாக ஓட்டிக்கொண்டு வருகிற மனுஷனா என்று நினைக்க நினைக்க நெஞ்சு வெடித்தது.

புளியமரம் வந்தது.

"நீ இங்கனயே நில்லு" என்றார். தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தார். தன் செல்போனையும் கொடுத்தார். "வெயிலு ஏறுமுன்ன ரோட்டுக்குப் போயிரு."

"நீங்க?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த இரண்டடிப் பாதையில் நடந்தார். பாதி தூரம் போனதும் சைக்கிளை முள்வேலிமேல் சாய்த்தார். செருப்பைக் கழற்றினார். மருந்து ரூமுக்குள் நுழைகிறவர்கள் கழற்றுகிற மாதிரி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓரமாக வைத்தார். பள்ளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

நான் கத்தவில்லை. ஓடினால் அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஜெபமும் வரவில்லை. அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது அந்தப் படத்தில் இருந்த எழுத்துதான்: ஆள் அளவு 1. சூர்யபிரகாஷின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நானும் அந்தப் பாதையில் இறங்கினேன்.

பத்தடி போவதற்குள் காலடியில் மண் சரிந்தது. ஒரு கட்டி பெயர்ந்து விழுந்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுகிற நேரம் கழித்துத் தண்ணீரில் சத்தம் கேட்டது. அவர் திரும்பினார்.

"ஏ பெர்சிஸ்! பின்னாடி போ!"

நான் இன்னும் ஓரடி வைத்தேன்.

"நிக்கச் சொன்னேன்ல! அங்கன மண்ணு நிக்காது! ஒருத்தருக்குத்தான் எடம், கண்ணு தெரியலயா ஒனக்கு?"

நான்கு மாதத்தில் அவர் போட்ட முதல் சத்தம். கம்பெனியில் நூறு பேரை அடக்கிய சத்தம்.

"தெரியுது. நாலு பேரு எடத்துல ஆறு பேர ஒக்கார வச்சீகள்ல? இப்ப ஒருத்தர் எடத்துல ரெண்டு பேர் நிக்கோம். சொல்லுங்க போர்மேன், என்ன செய்யப் போறீக?"

இதைவிடக் கொடுமையான வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. ஒரு கணம், நானே அவரைத் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன்.

"பெர்சிஸ், போயிரு. ஒன்னயக் கும்பிடுதேன், போயிரு."

"நீங்க வந்தாத்தான் போவேன். ஒங்களுக்கு முன்னால நான் வெளிய போறதா இல்ல."

இன்னொரு கட்டி சரிந்தது. சைக்கிளின் முன்சக்கரம் பள்ளத்துப் பக்கம் இழுத்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சைக்கிள் என்னை இழுத்தது.

அவர் பள்ளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"சைக்கிள விடு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "விடுன்னா விடு. கையெடு. ஆங். திரும்பாத. அப்படியே ஒரு காலப் பின்னாடி வை. வேலிப் பக்கம் சாஞ்சுக்க, முள்ளு குத்தினாக் குத்தட்டும். இன்னொரு கால். நான் வாரேன். என் மூஞ்சியப் பாரு. கீழ பாக்காத."

சூர்யபிரகாஷின் சிவப்பு சைக்கிள் விளிம்பைத் தாண்டிப் போனது. சத்தம் வரும்போது நான் நான்காவது அடி வைத்திருந்தேன். ஐந்தாவது அடியில் அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. புளியமரத்தடி வரை அந்தப் பிடி விடவில்லை. அப்புறம் இரண்டு பேரும் தரையில் விழுந்தோம்.

அவர் அழுத அழுகை அப்படி. பள்ளத்திலிருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பின.

"பொன்னுத்தங்கம் வெயில்ல ஒக்காந்திருந்துச்சு" என்றார். செத்துப்போன மூன்று பேரில் ஒருத்தி அவள். "சார், எந்தங்கச்சி பத்திரகாளி பக்கத்துலயே எனக்கும் ஒரு எடம் போடுங்கன்னு கேட்டுச்சு. ஆர்டர் குமிஞ்சு கெடந்துச்சு. அது ஒக்கார்ற பலகைய நானே தூக்கி உள்ள போட்டேன் பெர்சிஸ். யாரும் சொல்லல. மொதலாளி சொல்லல. நானேதான் போட்டேன். இன்னொருத்தரயும் உள்ள விட்டேன். அக்காளும் தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்துலயே..."

"ஆமா" என்றேன். இல்லை என்று சொல்ல முடியாது. உங்கள் மேல் தப்பில்லை என்று நான்கு மாதமாகச் சொல்லிப் பார்த்துத்தானே இங்கே வந்து நின்றோம். "நீங்கதான் போட்டீக. தப்புத்தான். கோர்ட்டுல அதச் சொல்லுங்க. அந்தப் பிள்ளைகளோட அம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க. சொல்றதுக்கு நீங்க இருக்கணும்."

அவர் என் கையில் ஏறியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

வெறுங்காலோடு ரோட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் சூர்யபிரகாஷ் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியை விரட்டினான். பத்து இருபத்தைந்துக்கு ஸ்டேஷனில் இருந்தோம். எழுத்தர் நிமிர்ந்து, "என்னய்யா, சுண்ணாம்புக் காளவாசல்ல விழுந்து வந்த மாதிரி இருக்க?" என்றார். இவர் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் ஏமாறவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் பழைய இடத்தில் பழைய மாதிரி உட்கார்ந்தார். எனக்கு இரண்டு மணிக்கு டூட்டி. உடம்பெல்லாம் முள் கீறல், ஆனாலும் யூனிபார்மை இஸ்திரி போட்டேன். இந்த மாதம் லீவு ஒன்றும் மிச்சமில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவர் வந்து வாசலை மறித்து நின்றார்.

"போகாத பெர்சிஸ்."

"சாயங்காலம் யோகேஸ்வரிய எட்டிப் பாக்கச் சொல்லிருக்கேன்."

"வேண்டாம். நீ இரு." அவர் நிலையைப் பிடித்துக்கொண்டார். "காலையில நீ இருந்ததாலதான் திரும்பினேன். நீ இல்லன்னா என்ன செய்வேன்னு எனக்கே தெரியல. என்னய நம்பி விட்டுட்டுப் போகாத."

நான் பையைக் கீழே வைத்தேன். போனை எடுத்து இன்சார்ஜ் ஆரோக்கியம் சிஸ்டர் நம்பரைத் தட்டினேன். மணி அடித்துக்கொண்டிருந்தது.

"காய்ச்சல்னு சொல்லவா?" என்று கேட்டேன்.

"உள்ளதச் சொல்லு" என்றார்.

அவர் முன்னாலேயே சொன்னேன். "சிஸ்டர், எம் புருஷனுக்குக் காய்ச்சல் இல்ல. இத்தன நாளும் பொய் சொன்னேன். அவருக்கு உயிரோட இருக்கப் பிடிக்கல. இன்னிக்குக் காலையில சாகப் போனாரு."

ஆரோக்கியம் சிஸ்டர், "ரெண்டு பேரும் கெளம்பி இங்க வாங்க. டாக்டர் போறதுக்குள்ள வாங்க. நான் வாசல்லயே நிக்கேன்" என்றார்.

போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். பட்டன் மாட்ட வரவில்லை. நான் மாட்டிவிட்டேன்.